எரிந்தால் நல்லது

“ஜாக்கெட்டைக் கழட்டும்மா.”

மகள் கேட்டுவிட்டாள்.

கேட்கவே கூடாதது. வயசுக்கு வந்த அன்றைக்கே அம்மா சொல்லிவைத்திருந்தாள். பொம்பளை உடம்பைப் பற்றி வாயைத் திறக்காதே. யாரிடமும் காட்டச் சொல்லாதே. பெற்றவளாகவே இருந்தாலும்.

அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

அவள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். மேட்டுப்பாளையத்து வெயில் கதவிடுக்கில் மட்டும் நின்றது.

அது தைல வீடு. மலையில் காய்ச்சி இறக்கிய யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், கிராம்பு எண்ணெய். எல்லாம் கேனில் வரும். அம்மா சின்னப் புட்டிகளில் ஊற்றி விற்பாள். சளிக்கு ஒன்று. மூட்டுவலிக்கு ஒன்று. தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று. அப்பா போன பிறகு அடுப்பு எரிந்ததும் அந்தப் புட்டிகளால்தான். அவள் கெமிஸ்ட்ரி படித்ததும் அந்தப் புட்டிகளால்தான். காலேஜ் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்துவாள். தைல டப்பா என்று பட்டப்பெயர்.

அந்த வாசனையிலேயே வளர்ந்த மூக்கு.

கோயமுத்தூரில் இருந்து வந்து இறங்கியதும் அது கண்டுபிடித்துவிட்டது. கிராம்பு வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது.

பரணில் எலி செத்தால் வருமே, அது.

கொக்கிகளை அவளே அவிழ்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு. பஞ்சு நிறைய எண்ணெய்.

எடுத்தாள்.

பார்த்தாள்.

திரும்ப வைத்தாள்.

“எப்ப இருந்து?”

“சின்னக் கட்டியாத்தான் இருந்துச்சு கண்ணு. நீ மொத வருசம் சேர்ந்தப்ப.”

அவள் டிகிரி முடித்து வேலைக்கும் போயாகிவிட்டது.

“டாக்டர்கிட்டப் போனியா?”

“ஊருக்கே மருந்து குடுக்கறவ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா, அப்பறம் எவ வாங்குவா?”

அவளுக்குக் கை எழுந்தது. யாரை அடிப்பது?

அலமாரி முழுக்கப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் லேபிள். லேபிளில் அவளுடைய போட்டோ, பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கியோடு. கீழே ஒரு வரி: பி.எஸ்சி. பட்டதாரியின் மேற்பார்வையில் தயாரித்தது.

அவள் எதையும் மேற்பார்வை பார்த்ததில்லை. அந்த வம்சத்திலேயே முதல் டிகிரி. அம்மா ஆசைப்பட்டு அச்சடித்துவிட்டாள். இவளும் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

சளிக்குக் கேட்கும். தலைவலிக்குக் கேட்கும். கட்டிக்கும் கேட்கும் என்று யார் சொன்னது?

அவள் போட்டோ சொன்னது.

“எரியுதா?” என்று கேட்டாள்.

வாங்க வருகிறவர்களிடம் அம்மா எப்போதும் சொல்வது அது. எரிந்தால் நல்லது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அம்மா இன்னும் சுவரைத்தான் பார்த்தாள்.

“மொதல்ல நல்லா எரிஞ்சுது கண்ணு.”

பிறகு, மெதுவாக,

“இப்ப எரியறதில்ல.”

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

கதவு தட்டுகிற சத்தம். கூடவே வளையல் சத்தம்.

“ஏனுங்க அம்மிணி, டிகிரி படிச்சவ வீட்டுல கதவத் தொறக்க மாட்டாங்களா?”

அடுத்த தெரு ரங்கமணியக்கா. தையல்காரி. சிரிப்பு முதலில் வரும், ஆள் பிறகு வருவாள்.

“அம்மாகிட்டச் சொல்லுங்க. அக்குள் கட்டிக்குக் குடுத்தாங்கல்ல, அந்த எண்ண தீந்துபோச்சு. என்னமா எரியுதுங்கறீங்க! கையத் தூக்க முடியல. நல்லா வேல செய்யுதுங்க!”

உள்ளே இரண்டு பேரும் அசையவில்லை.

அம்மாவின் கை அலமாரியைக் காட்டியது. சிவப்பு மூடிப் புட்டி. பிறகு அதே கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சுரமாய்க் கொதித்தது.

“குடுத்து அனுப்பிரு சாமி. அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லிப்போடாத. என்ற பேரு போயிரும்.”

அவள் குனிந்து கொக்கிகளை மாட்டினாள். மேலிருந்து ஒவ்வொன்றாக. வலிக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.

பீரோவைத் திறந்தாள். பச்சைச் சேலையை எடுத்தாள். வெளியூர் போவதென்றால் அம்மா கட்டுவது. அம்மாவின் மடியில் வைத்தாள்.

“இது எதுக்கு?”

சிவப்பு மூடிப் புட்டியைக் கையில் எடுத்தாள். கறுப்பு அங்கிக்குள் அந்தப் பெண் எல்லாம் தெரிந்தவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப வைத்தாள். முகம் சுவரைப் பார்க்க.

தெரு முனையில் ஆட்டோ ஹார்ன் அடித்தது. கதவைச் சாத்துவதற்கு முன்பே போன் போட்டிருந்தாள்.

“கண்ணு,” என்றாள் அம்மா. “சொல்லிப்போடாத கண்ணு.”

தாழ்ப்பாளை எடுத்தாள்.

வெளியே ரங்கமணியக்கா புட்டிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இடது கை. வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது.

அவள் வெறுங்கையோடு படியிறங்கினாள்.

ஆட்டோவில் மூன்று பேர் உட்காரலாம்.