ஏழாவது வரிசைக்கு ரெண்டு தடவை

மேடத்துக்குப் புருஷன் மேல் என்ன காண்டோ தெரியவில்லை. "ஏழாவது வரிசைக்கு மட்டும் ரெண்டு தடவை அடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் அடிப்பது மருந்து இல்லை, நோய். இலைக்கருகல் பூஞ்சையைத் தண்ணீரில் கரைத்து மக்காச்சோளத்தின் மேல் அடிக்க வேண்டும். எந்த ரகம் தாக்குப்பிடிக்கிறதோ, அதுதான் விவசாயி கைக்குப் போகும். ஏழாவது வரிசை, மேடத்தின் வீட்டுக்காரர் உருவாக்கிய ரகம்.

டேங்க் அக்கா தெளிப்பானை முதுகில் மாட்டினாள். எந்நேரமும் அதைச் சுமப்பதால் வந்த பேர்.

"வீட்ல ஏதோ சண்டை போல. சோளத்து மேல காட்டுறாங்க," என்றாள் களையெடுத்துக்கொண்டிருந்த நாத்தனார்.

"சார் வாயில்லாப் பூச்சிடி. நேத்து ஒரு காலுக்கு ஒரு கலர்ல சாக்ஸ் போட்டுட்டு வந்தார். அவர் பொழப்புல மண்ணள்ளிப் போடணுமா?"

"உங்களுக்கென்ன வந்துச்சு அண்ணி, அடிச்சிட்டு வாங்க."

அக்கா அடித்தாள். ரெண்டு தடவையும் அடித்தாள். வெறும் பச்சைத் தண்ணீரை.

கொஞ்ச நாளில் மற்ற வரிசையெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளியும் கருகலுமாக நின்றன. ஏழாவது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது.

சார் வந்து பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் சுருங்கிவிட்டது.

"எப்பேர்ப்பட்ட ரகத்துக்கும் நாலு புள்ளியாவது விழணுமே. உண்மையைச் சொல்லும்மா. இதை விட்டுடச் சொல்லி மேடம் சொன்னாங்களா?"

"ஐயோ, அவங்க மேல பழி போடாதீங்க சார். அவங்க ரெண்டு தடவை அடிக்கத்தான் சொன்னாங்க. நான்தான் உங்களைப் பாவம் பார்த்து, தண்ணியை அடிச்சிட்டேன்."

சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னோட போன ரகம் எங்க மாமனார் நிலத்துல சருகாப் போச்சும்மா. மனுஷன் ஒரு வார்த்தை திட்டலை. இதையும் நம்பி விதைக்கக் காத்துக்கிட்டிருக்கார். நல்லவேளை, இன்னும் பூ வரலை, இப்ப அடிச்சாலும் சோதனை செல்லும். போய்க் கரைச்சு எடுத்துட்டு வா."

அக்கா டேங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"நில்லு. ரெண்டு தடவைன்னா சொன்னாங்க?"

"ஆமா சார்."

"நான் மூணு தடவை அடிக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தேனே."

மேடத்தின் அறைப் பக்கம் பார்த்தார். காது ரெண்டும் சிவந்துவிட்டது.

"புருஷனாச்சேன்னு ஒண்ணைக் குறைச்சிருக்கா."