பத்து மணிப் பாடம்

லிங்கேஷ் இன்றைக்கும் சரியாகப் பத்து மணிக்கு ஸ்பானிஷ் பாடத்தை முடித்துவிட்டான். அவன் மனைவி ஜெயசித்ராவின் போனில், பாட ஆப்பில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண் இருநூற்று மூன்றிலிருந்து இருநூற்று நான்காகியிருந்தது.

அப்பாடா! போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இனி யார் வந்தால் என்ன?

வந்தவர் தூத்துக்குடி கப்பல் ஏஜென்ட் ஷேக் ஃபரீத். நல்ல சேதி கொண்டுவருகிற முகமாக அது இல்லை. லிங்கேஷ் சமையல்காரனாகப் போன சரக்குக் கப்பல் தென்னமெரிக்கப் பக்கம் மூழ்கி ஏழு மாதம் ஆகிறது. ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

"இறந்துட்டாருன்னே கம்பெனியில முடிவு பண்ணிட்டாங்கம்மா. நீங்க ஒரு கையெழுத்து..."

"உயிரோட இருக்கவுகளுக்கு நான் எதுக்கு சார் போடணும்?" போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கப்பல்ல எல்லாரும் ஸ்பானிஷ்தான்னு நாங்க ரெண்டு பேருமா இந்த ஆப்புல படிச்சோம். இந்த நம்பர் விடாமப் படிச்ச நாள் கணக்கு. ஒருநாள் விட்டாலும் சைபராயிரும். கப்பல் முங்குன அன்னைக்கு அவுக நம்பரும் சைபராச்சு. நான் பச்சத்தண்ணி குடிக்காமக் கெடந்தேன். பத்தாம் நாள் பாத்தா, ஒண்ணு!"

ஏஜென்ட் போனை மெதுவாக விலக்கினார். "பாடம் படிக்க முடிஞ்சவரு ஒரு போன் பேச மாட்டாராம்மா?"

"எவனாச்சும் புடிச்சு அடைச்சு வச்சிருந்தா? திருட்டுத்தனமா இதை மட்டும் அமுக்குதாவளோ என்னவோ! போன மாசம் ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் நம்பர் ஏறவே இல்ல. இங்கன மாசாந்திர கரன்ட் கட்டு வேற. தறிச் சத்தம்கூட இல்லாத வீட்டுல போனையே பாத்துக்கிட்டு செத்துப் பொழச்சேன் சார்."

வீட்டை ஒட்டிய திறந்த கொட்டகையில் விசைத்தறியை நிறுத்திவிட்டு, மாமனார் கோமதிநாயகம் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். மகன் விட்டுப்போன பழைய போன் சார்ஜரில் தொங்கியபடி பாடிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினால் அது அணைந்துவிடும். மனிதருக்குப் பாட்டுக் கேட்க அது ஒன்றுதான். பேப்பர் படிப்பதென்றாலே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

"நேத்தும் இன்னைக்கும் ஒரே பாடம்னு இதுல காட்டுது சார்," என்றாள் ஜெயசித்ரா. "எஸ்பெரார்னு ஒரு சொல்லு. காத்திருக்கதுன்னும் அர்த்தம், நம்பிக்கையோட இருக்கதுன்னும் அர்த்தம். அத்தனை சொல்லு இருக்க, இதுலயே ஏன் நிக்காவ? எனக்குச் சேதி சொல்லுதாவ சார்!"

ஷேக் ஃபரீதால் அதற்கு மேல் முடியவில்லை. காகிதங்களைப் பைக்குள் வைத்தார். "சரிம்மா. அடுத்த மாசம் வாரேன்."

ஜெயித்துவிட்டாள்! ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு சார். நாக்கு நுனியில நிக்கி, வர மாட்டேங்கு..."

"எதிர்பாக்கது," என்றார் மாமனார், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா, அதான்!" என்றவள் அப்படியே நின்றாள். கொட்டகைச் சுவரில் தொங்கிய பழைய போனைப் பார்த்தாள். கோமதிநாயகத்தின் விரலிலிருந்து இழை நழுவியது.

"மாமா?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"அவன் விட்ட எடத்துலேர்ந்து நாந்தான் படிக்கேன், தாயி."