தீபாவளி மாலையில் போன கரெண்ட்

அக்டோபர் இருபது, தீபாவளி. நான்காவது சுவிட்சின் பிடியைத் திருப்ப வேண்டியவள் ஐந்தாவதைத் திருப்பிவிட்டாள்.

துணை மின்நிலையத்துப் பலகையில் ஒரு முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. ஆறு தெருக்களில் கரெண்ட் போயிற்று. அவற்றில் ஒன்று அவளுடைய தெரு.

பண்டிகை மாலையில் வீட்டுக்கு வீடு சரவிளக்கு எரியும், சுமை ஏறும். ஒரு மின்பாதையின் சுமையை இன்னொன்றுக்கு மாற்றிவிட வேண்டும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த வேலைதான்.

வேலை போய்விடுமோ என்றுகூடத் தோன்றவில்லை. அம்மாதான் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் விளக்கு கிடையாது, புதுத்துணி கிடையாது. வெறும் வாசலைப் பார்க்கத் தெம்பில்லாமல் இவள் இன்றைய வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவுக்குத் துணை கூடத்து டியூப்லைட் ஒன்றுதான். அதையும் தன் கையாலேயே அணைத்தாயிற்று.

ஃபோர்மேன் அண்ணன் டீ டம்ளரோடு ஓடி வந்தார். பிடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“சரி, போனது போச்சு. பதட்டத்துல இன்னொன்னயும் திருப்பி ஊரையே படுக்க வச்சிராத தாயி.”

சோதித்துப் பார்க்காமல் பாதையைத் திரும்ப இணைக்கக் கூடாது. அதை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவளை ஜன்னல் பக்கம் அனுப்பினார்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டு இல்லை.

வண்ண பல்புகள் அணைந்ததும், அவற்றுக்கு அடியில் அதுவரை இருந்தது தெரிந்தது. படிகளில், மதில்களில், மாடி விளிம்புகளில் அகல் விளக்குகள்.

வீடுகளே காணோம். அவற்றின் ஓரங்கள் மட்டும் நெருப்பில் வரைந்தாற்போல் நின்றன.

காற்று வந்தது. ஆறு தெருக்களும் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக நிமிர்ந்தன.

அவளுக்குக் கை கூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்து என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அந்த வரிசைகளுக்கு நடுவே, விளக்கில்லாத தன் வீட்டின் கறுப்பைத் தேடினாள். அகப்படவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. தப்பு தன்னுடையதுதான், இதோ சரியாகிவிடும் என்று இவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

“அவசரப்படாதடி. பக்கத்து வீட்டு அத்தை இந்தத் தடவ விளக்க வாசல்ல வைக்கல. அத்தனையும் நம்ம பக்கத்து மதில் மேல வச்சிருக்கா. லைட்டு எரிஞ்ச வரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல. கூடம் பூரா வெளிச்சம் ஆடுது. உங்கப்பா படம் சிரிக்கிற மாதிரி இருக்கு.”

பின்னாலிருந்து அண்ணன், எல்லாம் சரியாக இருக்கிறது, போட்டுவிடலாம் என்றார்.

இன்னொரு முறை சோதித்துவிடலாமா என்று கேட்டாள்.

அவர் ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். சோதிப்பதில் ஒன்றும் தப்பில்லை என்றார்.

நாளைய வேலை: தவறுக்கான விளக்கத்தை மேலதிகாரியிடம் கொடுப்பது. அதற்கு முன், அத்தை வீட்டு மதிலில் வழிந்திருக்கும் எண்ணெயைத் துடைத்துக் கொடுப்பது.