சோறு பிசையும் விரல்கள்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெசிந்தாவுக்கு வலது கை செயற்கைக் கை. அதை இயக்கும் கணினி நிரல் எல்லோருக்கும் பொது. யாரும் பிரதி எடுத்துத் திருத்தி அனுப்பலாம். மற்றவர்கள் சோதித்துப் பார்த்துப் பொது நிரலில் சேர்ப்பார்கள்.

அந்தக் கைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியும், சோறு பிசையத் தெரியாது. ஜெசிந்தா அதற்கான திருத்தத்தைத் தானே எழுதி மூன்று முறை அனுப்பினாள். பிடி இறுக்கமாக இருக்கிறது, குழந்தைக்கு ஊட்டினால் உதடு காயப்படும் என்று மூன்று முறையும் திருப்பிவிட்டார்கள். நான்காவது திருத்தத்துக்கு இன்று மதியம் பதில் வந்தது.

“ஏட்டி, சேத்துட்டாவ!” என்று கணவன் கிளிட்டஸ் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

புதிய நிரல் உலகெங்கும் உள்ள அந்த வகைக் கைகளுக்கெல்லாம் போனது. ஜெசிந்தாவின் கையும் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவள் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து உருட்டி, நான்கு வயது மகள் ரெமியிடம் நீட்டினாள்.

“இந்தக் கையாலயாம்மா?” என்று கேட்டுக்கொண்டே ரெமி வாயைத் திறந்தாள்.

உருண்டை சிந்தாமல் உள்ளே போனது. ஜெசிந்தா சத்தமாகச் சிரித்தாள், கண்ணும் நிறைந்தது.

போன் மறுபடி ஒலித்தது. அடிஸ் அபாபாவிலிருந்து முகம் தெரியாத ஒருவர் எழுதியதைக் கிளிட்டஸ் வாசித்தான்: “பதினோரு வருடத்துக்குப் பிறகு இன்று என் அம்மாவுக்கு என் கையால் ஊட்டினேன்.”

“இன்னொருக்க வாசிங்க” என்றாள் ஜெசிந்தா.