பெரிய பம்பு

நிரஞ்சனாவுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: பம்பை மேம்படுத்த மேம்படுத்த, அவள் தெரு இன்னும் சீக்கிரமாக மூழ்கியது.

மழைக்கால வேலைகளை மாநகராட்சி இப்போதெல்லாம் ஒரு கணினி விளையாட்டை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. தெருவுக்கு ஒருவர் ஆட வேண்டும். மிகக் கடினமான நிலையில் பெருமழையைத் தாங்கும் மேம்பாடுகளை மட்டுமே நிஜத்தில் கட்டித்தருவார்கள். தோற்ற தெருக்காரர்கள் கட்டிலை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொள்ளலாம். நிரஞ்சனா குடியிருப்பது தரைத்தளத்தில். அன்று மாலையோடு ஆட்டம் முடிகிறது.

"என்னக்கா, மறுபடியும் முங்கிட்டீங்களா?" பின்தெருவுக்காக ஆடும் டெரன்ஸ் மதில் மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"நீ மட்டும் கரையேறிட்டியாக்கும்! உன் தெருவுல வலை போட்டு மீன் பிடிக்கலாம்டா."

"தண்ணி எங்கேருந்து வருதுன்னே தெரியலக்கா. நீங்க பம்பைப் பெருசாக்குனா நானும் பெருசாக்குறேன்."

நிரஞ்சனா திரையைத் திருப்பி, தன் பம்பிலிருந்து கிளம்பும் நீலக்கோட்டைப் பின்தொடர்ந்தாள். அது நேராக டெரன்ஸ் தெருவுக்குள் போனது. அவனுடைய பம்பு, தன் தெருவின் மழையையும் சேர்த்து, அதை இவள் வாசலுக்கே திருப்பி அனுப்பியது.

"அடப்பாவி! ஒரே தண்ணியத்தான் மாத்தி மாத்தி ஊத்திக்கிட்டு இருக்கோம்."

"அதுக்கு ரெண்டு பேரும் பம்பை வேற மேம்படுத்தியிருக்கோம்கா!"

இருவரும் பழைய சின்னப் பம்புகளுக்கே திரும்பி, அவற்றின் குழாய்களைத் தெருமுனைக் கால்வாய்ப் பக்கம் திருப்பினார்கள். மிச்சமான மேம்பாடுகள் அத்தனையையும் அந்தக் கால்வாயை அகலமாக்குவதில் போட்டார்கள். திரையில் பெருமழை கொட்டியது, தண்ணீர் கால்வாய் வழியே ஏரிக்குப் போனது.