பின்னால் வந்த பைக்

“எடுக்காதீங்க! அந்தப் போனை எடுக்கவே எடுக்காதீங்க!”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி அமிர்தவள்ளி போட்ட கத்தலில், சுந்தரமூர்த்தியின் கையிலிருந்த வேர்க்கடலை பாதி மடியில் கொட்டியது.

“சத்தார் பாய்தான் கூப்பிடறாரு. வண்டிய வித்தவரு. இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போய்டுவோம்?”

“கொறைய மாட்டோம். வண்டிதான் போய்டும்!”

குடியாத்தத்தில் சத்தார் பாயிடமிருந்து அந்தக் குட்டியானை லோடு வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பி இன்னும் அரைமணிகூட ஆகவில்லை. ஏழு வருஷம் ஓடின வண்டிதான். ஆனாலும் அமிர்தவள்ளிக்கு அது புத்தம் புதுசு.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் கட்டுகளை எடுத்து, வீடு வீடாகப் பெண்களுக்குத் தைக்கக் கொடுத்து, தைத்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் தொழில். இத்தனை நாளும் ஆட்டோக்காரர்களைக் கெஞ்சியே ஓட்டியாகிவிட்டது. நாளையிலிருந்து யாரையும் கெஞ்ச வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் பதறுகிற சுபாவம் அவளுக்கு. வழியில் போலீஸ் மறித்தால் ஒரு காகிதம் குறையக் கூடாதென்று இன்சூரன்ஸ், எஃப்.சி., புகை சர்டிபிகேட், பேர் மாற்றுகிற ஃபாரம் எல்லாவற்றையும் மூன்று தடவை எண்ணிப் பையில் போட்டு, புருஷன் மடியில் வைத்திருந்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், கம்ப்யூட்டர் டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயிலாகி, மூன்றாவது தடவை பாஸ் பண்ணி வாங்கிய லைசென்ஸும் அதில்தான் இருந்தது.

“நீங்க கவனிக்கல. நான் கையெழுத்து போடறப்ப பாய்க்கு ஒரு போன் வந்துச்சு. பேரணாம்பட்டு ஆளு. வண்டிக்கு ஜாஸ்தி தர்றானாம். இவரு ‘அப்புறம் பேசறேன்’னாரு. அப்புறம்னா இன்னா அர்த்தம்?”

“அப்புறம்னா அப்புறம்தான்.”

“மண்ணாங்கட்டி! மனசு மாறிட்டாருன்னு அர்த்தம். கண்ணாடியப் பாருங்க.”

சுந்தரமூர்த்தி எட்டிப் பார்த்தார். பின்னால் ஒரு பைக். அதில் சத்தார் பாய். வெள்ளைச் சட்டை காற்றில் உப்பியிருந்தது.

“அட, ஆமா. வேற ஏதாவது ஜோலியா வர்றாரோ இன்னாவோ.”

“வெள்ளிக்கிழமை, நம்ம பக்கம் தோல் கம்பெனி எல்லாம் லீவு. இப்ப இன்னா ஜோலி?”

பேசிக்கொண்டிருக்கும்போதே பைக் அவள் பக்கமாக ஒட்டி வந்தது. “நிறுத்துங்கம்மா! ஒரு நிமிஷம்...”

மீதியைக் கேட்க அவள் தயாராக இல்லை. ஜன்னல் கண்ணாடியைச் சர்ரென்று ஏற்றிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி மாதனூரில் பெரிய ரோட்டில் ஏறியது. பைக் பின்தங்கியது. ஆனால் விடவில்லை.

“பாருங்க, நான் கொஞ்சம் ஸ்லோ பண்ணாப் போதும், ஒடனே கையத் தூக்கறாரு. நில்லுன்னு அதிகாரம் பண்றாரு.”

“எனக்கென்னவோ டாட்டா காட்டற மாதிரி இருக்கு.”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு!”

பஸ் நின்றது, பிரேக் போட்டாள். பின்னால் கை உயர்ந்தது. மாடு குறுக்கே வந்தது, பிரேக் போட்டாள். மறுபடியும் கை. அவ்வளவு படபடப்பிலும், வண்டி வழுக்கிக்கொண்டு போன அழகில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. இந்த வண்டியையா திருப்பிக் கொடுப்பாள்?

ஆம்பூருக்கு முன்னால் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். போலீஸைப் பார்த்து சந்தோஷப்பட்ட முதல் டிரைவர் அமிர்தவள்ளியாகத்தான் இருப்பாள்.

சப்-இன்ஸ்பெக்டர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “எல்லாம் பக்காவா இருக்கு. ஷோரூம்ல எடுத்தவன்கூட இப்படி வெச்சிருக்க மாட்டான். கிளம்புங்கம்மா.”

அவள் கிளம்பவில்லை. இறங்கி நின்று கையை நீட்டினாள்.

“சார், பின்னாடி நிக்கறாரே அந்த பாயி, அவரப் புடிங்க. குடியாத்தத்துலேர்ந்து எங்களத் துரத்திக்கிட்டு வர்றாரு. பேரணாம்பட்டுல ஜாஸ்தி வெல கெடச்சுதாம். வித்த வண்டியப் புடுங்கப் பாக்கறாரு!”

சப்-இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. “இங்க வாங்க பாய். இன்னா கதை இது?”

சத்தார் பாய் பைக்கை ஸ்டாண்டு போட்டார். இடது தோளைப் பிடித்து அழுத்திவிட்டுக்கொண்டே வந்தார்.

“அய்யோ, நான் எதுக்கும்மா புடுங்கறேன்? அந்த ஆளுகிட்ட வண்டி வித்தாச்சுன்னு அப்பவே சொல்லிட்டேன்.”

“அப்ப எதுக்கு எங்க பின்னாலேயே வந்தீங்க?”

“எங்க தெரு முனையில நீங்க பிரேக் போட்டப்பதான் பார்த்தேன். பின்னாடி பிரேக் லைட் எரியல. காலைல எரிஞ்சுது சார், எங்க ஒயர் கழண்டுச்சோ தெரியல. போன் பண்ணேன், எடுக்கல. பக்கத்துல வந்தேன், இந்தம்மா கண்ணாடிய ஏத்திட்டாங்க...”

அமிர்தவள்ளியின் நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது.

“பெரிய ரோட்ல பின்னாடி பூரா லாரிங்க. நீங்க பிரேக் போடறது அவனுங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அதான், எரியாத லைட்டுக்குப் பதிலா நான் கையத் தூக்கிக்கிட்டே வந்தேன்.”