சொந்தக் குரல்

அந்த ஆண்டு முதல் உளநல ஆலோசகர்கள் எல்லோருக்கும் ஒரே குரல். யார் பேசினாலும் குரல்மாற்றி வழியாகத் திரைக்கு அந்தப் பக்கம் ஊரும் சாதியும் தெரியாத மென்மையான குரல்தான் கேட்கும்.

பூங்கோதை புளியந்தோப்புக்காரி. பாதாளச் சாக்கடையில் கணவனை இழந்த பெண்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் அவளுடைய தனித்துறை. மூன்று வாரமாக மரகதம் என்ற பெண் திரையில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்க்கொண்டிருந்தாள்.

ஆலோசகர்களின் மனபாரத்தைக் கேட்கவும் ஆள் உண்டு. பூங்கோதைக்கு அது எஸ்தர். ஒரே தெருவில் வளர்ந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

"எனக்கு இந்த வேலையே வராதோன்னு பயமா இருக்குடி."

"அந்தக் குரல்ல நீ பேசினா எனக்கே வாய் வராது. அத ஆஃப் பண்ணிட்டுப் பேசு. மேல கேட்டா நம்மாளுங்க அத்தினி பேரும் உன்கூட வந்து நிக்கிறோம்."

அடுத்த வாரம் பூங்கோதை குரல்மாற்றியை அணைத்தாள். உரிமம் ரத்தாகலாம் என்ற எச்சரிக்கை திரையோரத்தில் சிவந்தது.

"இன்னாம்மா மரகதம், சாப்ட்டியா?"

மரகதம் நிமிர்ந்தாள். "அக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

"புளியந்தோப்பு. எங்கப்பாவும் குழியில எறங்குனவருதான்."

மரகதம் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு சட்டைய இன்னும் தொவைக்கலக்கா. வாடை அடிக்குது, தூக்கிப் போடுன்னு மாமியா சொல்லுது. எனக்கு அதுல அவரு வாசனதான் வருது."